சுவரை வரையாத நட்பு: குழந்தைகளின் படப்புத்தகங்களில் வேறுபாடும் சாதியும்

2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகேயுள்ள பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம் ஒரு பெட்டிக்கடைக்காரர் பேசிய காணொளி நாடெங்கும் பரவியது. ஊரில் கட்டுப்பாடு போட்டிருப்பதால் இனித் தங்களுக்கு எதுவும் விற்கப்படாது என்றும், அதை வீட்டில் போய்ச் சொல்லுமாறும் அவர் அக்குழந்தைகளிடம் கூறினார். வழக்குப் பதிவாகி, அவர் கைதும் செய்யப்பட்டார். அந்தக் கடையின் முன் நின்றவர்கள் படப்புத்தகம் வாசிக்கும் வயதினர்.

அதே வயதினருக்கென எழுதப்படும் நூல்களில் மிகுதியாகக் காணப்படும் கருப்பொருள்களுள் ஒன்று நட்பு. நாம் ஒவ்வொருவரும் வேறுவேறு, அந்த வேறுபாடே அழகு, ஆகவே எல்லோரும் நண்பர்களாக இருப்போம் என்பது அவற்றின் செய்தி. நல்ல செய்திதான். எனினும், பாஞ்சாகுளத்தில் நிகழ்ந்ததை அது விளக்குவதில்லை. அந்தக் கடைக்காரர் வேறுபாட்டின் அழகை உணரத் தவறியவர் அல்லர். ஊரின் ஆணையை நிறைவேற்றியவர். சாதி என்பது வேறுபாடுகளின் தொகுப்பன்று. அது மேல், கீழ் என்று அடுக்கப்பட்ட அதிகாரம். அண்ணல் அம்பேத்கர் அதனைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றே வரையறுத்தார். அந்தப் படிநிலையை வெறும் வேறுபாடாகச் சுருக்கும் நூல், குழந்தைக்கு நட்பைக் கற்பிப்பதுபோலத் தோன்றினாலும், நட்பைத் தடுப்பது எது என்பதை மறைத்துவிடுகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு இவ்வகை நூல்களின் வரலாற்றையும், இந்தியாவில் வெளிவந்த சில முக்கிய முயற்சிகளையும், நூலகத்துக்கும் மாலைநேரப் படிப்பகத்துக்கும் நூல் தேர்வு செய்யும் முறையையும் இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

படப்புத்தகம் என்னும் வடிவம்

படப்புத்தகம் வேறு, கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட காமிக்ஸ் வேறு. படப்புத்தகத்தின் வழக்கமான அளவு 32 பக்கங்கள். பெரிய தாளை மடித்துத் தைக்கும் அச்சு முறையிலிருந்து இந்த எண்ணிக்கை வந்தது. மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளே இதன் முதன்மை வாசகர்கள். எழுத்தைப் பெரியவர் வாசிக்கிறார். படத்தைக் குழந்தை வாசிக்கிறது. எழுத்து சொல்லாமல் விட்டதையும் படம் சொல்லிவிடும். யார் திண்ணையில் அமர்ந்திருக்கிறார், யார் வாசலுக்கு வெளியே நிற்கிறார், எவர் கையில் எவ்வகைக் குவளை இருக்கிறது என்பவற்றைக் குழந்தை ஒரே பார்வையில் அறிந்துகொள்கிறது. படத்தில் எங்குமே வராதவர்கள் யார் என்பதும் அந்த அறிதலில் அடங்கும்.

நிறவெறிச் சமூகம் இந்த ஆற்றலைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தது. கார்த் வில்லியம்ஸ் என்னும் ஓவியர் 1958இல் 'தி ராபிட்ஸ் வெட்டிங்' என்ற படப்புத்தகத்தை வெளியிட்டார். ஒரு கறுப்பு முயலும் ஒரு வெள்ளை முயலும் மணம் புரிந்துகொள்ளும் கதை அது. மறு ஆண்டே அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நிறப் பிரிவினையாளர்கள் அந்நூலுக்கு எதிராகக் கிளம்பினர். மாநில நூலகப் பணித்துறையின் இயக்குநர் எமிலி ரீட் கடும் நெருக்கடிக்கு உள்ளானார். நூல் பொது அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டு, கேட்பவருக்கு மட்டும் வழங்கப்படும் அடுக்கில் வைக்கப்பட்டது. இரண்டு முயல்களின் படம் ஒரு குழந்தையின் மனத்தில் எதை விதைக்கும் என்பதில் பிரிவினையாளர்களுக்கு ஐயமே இருக்கவில்லை.

எண்ணிக்கையில் தொடங்கிய போராட்டம்

கல்வியாளர் நான்சி லாரிக் 1965இல் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரை, குழந்தை இலக்கியத்தில் பிரதிநிதித்துவம் பற்றிய விவாதத்தின் தொடக்கப்புள்ளி எனலாம். 1962 முதல் 1964 வரையிலான மூன்று ஆண்டுகளில் 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தை நூல்களை அவர் கணக்கெடுத்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை 349, அதாவது 6.7 விழுக்காடு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை நூல் மையம் 1985இல் தொடங்கிய இத்தகைய கணக்கெடுப்பு இன்றளவும் தொடர்கிறது. ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் முன்வைத்த உருவகமும் புகழ்பெற்றது. நூல்கள் குழந்தைக்குக் கண்ணாடியாகவும், சன்னலாகவும், திறந்து நுழையத்தக்க கதவாகவும் இருக்க வேண்டும் என்றார் அவர். தன்னைக் காண ஒரு கண்ணாடி. பிறரைக் காண ஒரு சன்னல். கண்ணாடியில் தன்னை ஒருபோதும் காணாத குழந்தை தன்னை மதிப்பற்றவளாக எண்ணப் பழகுகிறாள். கண்ணாடியை மட்டுமே கண்ட குழந்தையோ உலகமே தன்னுடையது என எண்ணப் பழகுகிறான்.

எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' 1962இல் வெளிவந்து, மறு ஆண்டு கால்டெகாட் விருது பெற்றது. பனியில் விளையாடும் சிறுவன் பீட்டர் கறுப்பினத்தவன் என்று எழுத்தில் எங்கும் கூறப்படவில்லை. படம் மட்டுமே கூறுகிறது. ஜாக்குலின் உட்சன் 2001இல் எழுதிய 'தி அதர் சைட்' இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஊரை ஒரு வேலி பிரிக்கிறது. ஒருபுறம் கறுப்பினச் சிறுமி, மறுபுறம் வெள்ளையினச் சிறுமி. வேலியைத் தாண்டக் கூடாது என்பது பெரியவர்களின் கட்டளை. வேலியின்மேல் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையாதலால் இருவரும் அதன்மேல் ஏறி அமர்கிறார்கள். இ. பி. லூயிஸின் ஓவியங்களில் அந்த வேலி பக்கந்தோறும் நிற்கிறது. நட்பைச் சொல்லும் அந்நூல் பிரிவினையை மறைக்கவில்லை; அதனாலேயே நட்பும் அதில் பொருளுடையதாகிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு அந்த வேலி அந்நியமானதன்று. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி, தொடர் போராட்டங்களுக்குப் பிறகு 2008 மே 6 அன்று அகற்றப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று ஒரு சுவர் இடிந்து வீழ்ந்து 17 தலித்துகளின் உயிரைப் பறித்தது. நம் குழந்தைகள் சுவர்களுக்கு இருபுறமும் வளர்கிறார்கள். அவர்களுக்கான நட்புக் கதைகளில் சுவர் வரையப்படுகிறதா என்பதே கேள்வி.

வேறுபாட்டுக் கதையின் இரு வார்ப்புகள்

உலகெங்கும் பரவிய வேறுபாட்டுக் கதைகளில் இரு வார்ப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, நிறங்களின் கொண்டாட்டம். டேவிட் மெக்கீயின் 'எல்மர்' என்னும் பலவண்ணக் கட்டங்கள் கொண்ட யானை 1968 முதல் குழந்தைகளை மகிழ்வித்து வருகிறது. தானும் மற்ற யானைகளைப் போலச் சாம்பல் நிறமாக இருக்க விரும்பிய எல்மர், இறுதியில் தன் நிறத்தோடேயே மந்தையில் மகிழ்கிறது. கதை இனியது. ஆனால் எல்மரைப் பிற யானைகள் ஒருபோதும் ஒடுக்கியதில்லை, குளத்திலிருந்து விரட்டியதுமில்லை. இக்கதையைச் சாதிக்கு உவமையாக்கும் ஆசிரியர், எல்மரின் காட்டில் இல்லாத ஒன்றை இருப்பதாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லா நிறமும் அழகே என்ற பாடம் தென்மாவட்டப் பள்ளிகளில் இன்னொரு சிக்கலையும் சந்திக்கிறது. மாணவர்களின் மணிக்கட்டில் கட்டப்படும் வண்ணக் கயிறுகள் அங்கே சாதியைக் குறிக்கின்றன. இதைக் கண்காணித்துத் தடுக்குமாறு பள்ளிக்கல்வித் துறை 2019இல் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. கயிறு கட்டிய கைகளிடம் நிறங்களின் அழகைப் பேசுவதால் பயனில்லை. அந்த நிறம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதைப் பேசியாக வேண்டும்.

இரண்டாவது வார்ப்பு, பயன்படுவதால் ஏற்கப்படுதல். ராபர்ட் மே 1939இல் ஒரு வணிக நிறுவனத்துக்காக எழுதிய 'ருடால்ஃப்' என்ற கலைமான் கதை இதன் முன்மாதிரி. ஒளிரும் சிவப்பு மூக்கு கொண்ட மானை மற்ற மான்கள் எள்ளி ஒதுக்குகின்றன. மூடுபனி சூழ்ந்த இரவில் அந்த மூக்கின் ஒளி தேவைப்படும்போது அதே மான்கள் அதைப் போற்றுகின்றன. ஒதுக்கியவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஒதுக்கப்பட்டவரோ தன் தகுதியை மெய்ப்பித்த பின்னரே உள்ளே அனுமதிக்கப்படுகிறார். அம்மூக்கு ஒளிராமல் வெறும் சிவப்பாக மட்டும் இருந்திருந்தால்? கதை அதைப் பேசுவதில்லை.

இந்தியப் படப்புத்தகங்கள்

சென்னையில் இயங்கும் தூலிகா பதிப்பகம் 1990களின் பிற்பகுதியிலிருந்து தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் படப்புத்தகங்களை வெளியிட்டு வருகிறது. ஜாய் விட்டேகர் எழுதி, ஸ்ரீவித்யா நடராஜன் ஓவியம் தீட்டிய 'காளி அண்ட் தி ராட் ஸ்நேக்' அவற்றுள் குறிப்பிடத்தக்கது. காளி இருளர் சமூகத்துச் சிறுவன். தந்தை பாம்பு பிடிப்பவர் என்பதும், அவன் விரும்பி உண்ணும் வறுத்த ஈசலும் வகுப்பில் அவனைத் தனிமைப்படுத்துகின்றன. ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு வந்துவிட, அனைவரும் அலற, காளி அதைப் பிடிக்கிறான். அன்று முதல் அவன் எல்லோருக்கும் வேண்டியவனாகிறான்.

பழங்குடிச் சிறுவனை நாயகனாக்கி, அவன் சமூகத்தின் அறிவைப் பெருமையாகக் காட்டியதில் இந்நூலின் பங்கு பெரிது. அந்தப் பெருமைக்கு மெய்யான அடித்தளமும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு, நாட்டின் பாம்புக்கடி மருந்து உற்பத்திக்கு முதுகெலும்பாக இருந்து வருகிறது. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். ஆயினும் கதையின் வார்ப்பு ருடால்ஃபின் வார்ப்பே. பாம்பு வராதிருந்தால் காளியின் நிலை என்ன? பாம்பு பிடிக்கத் தெரியாத இருளர் சிறுமிக்கு நட்பு கிடைக்குமா? இன்றும் சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் இருளர் பெற்றோரை நினைத்துப் பார்த்தால், திறமையைப் போற்றுவதும் உரிமையை வழங்குவதும் வேறுவேறு என்பது விளங்கும். நூலை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வாசித்து முடித்த பின் குழந்தைகளிடம் இக்கேள்விகளைக் கேட்பதே சிறந்த பயன்பாடு.

சாகர் கோல்வாங்கரின் 'மை நேம் இஸ் குலாப்' இதே சிக்கலை இன்னும் கூர்மையான களத்தில் எதிர்கொள்கிறது. குலாபின் தந்தை பாதாளச் சாக்கடைக் குழிகளைத் துப்புரவு செய்பவர். அதற்காகவே அவள் பள்ளியில் கேலிக்கு ஆளாகிறாள். மனிதர் இறங்கத் தேவையில்லாத ஒரு கருவியை அறிவியல் கண்காட்சிக்காக அவள் உருவாக்க முனைகிறாள். கேலி என்பது குணக்கேடு மட்டுமன்று, தொழிலோடும் பிறப்போடும் பிணைக்கப்பட்ட இழிவு என்பதைச் சின்னஞ்சிறு வாசகருக்கும் உணர்த்துவது இந்நூலின் வலிமை. எனினும் தீர்வின் சுமை மீண்டும் அந்தச் சிறுமியின் தோளிலேயே விழுகிறது. மனிதக் கழிவகற்றும் பணியைத் தடைசெய்யும் சட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. கருவி வாங்க வேண்டியது நகராட்சி. சட்டத்தைச் செயற்படுத்த வேண்டியது அரசு. இதை வாசிப்பின்போது எடுத்துரைக்க வேண்டியவர் ஆசிரியர்.

மகாசுவேதா தேவி எழுதி, கன்யிகா கினி ஓவியம் தீட்டிய 'தி வை-வை கேர்ள்' வேறொரு பாதையில் செல்கிறது. நாயகி மொய்னா, சபர் பழங்குடிச் சிறுமி. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றப் பரம்பரையென முத்திரை குத்தப்பட்ட சமூகங்களுள் ஒன்று சபர். பள்ளி செல்லாமல் நிலவுடைமையாளரின் ஆடுகளை மேய்க்கும் மொய்னா, தான் ஏன் அவர்களின் ஆடுகளை மேய்க்க வேண்டும், ஏன் தனக்குப் படிப்பு இல்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். யாருடைய ஏற்பையும் அவள் வேண்டி நிற்பதில்லை. அவள் கேள்வி அடுக்கின் மேலிருப்பவர்களை நோக்கியது. அவள் தன் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. விளக்கம் தர வேண்டியவர்கள் மற்றவர்களே.

ஐதராபாத்தின் அன்வேஷி பெண்ணாய்வு மையம் 2008இல் தொடங்கி வெளியிட்ட 'டிஃபரண்ட் டேல்ஸ்' வரிசையின் நோக்கமும் இதுவே. ஆங்கிலம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளில் வெளிவந்த இந்நூல்கள், நகர்ப்புற ஆதிக்கச் சாதி நடுத்தரக் குடும்பத்தின் குழந்தைப் பருவத்தையே பொதுவான குழந்தைப் பருவமாகக் கொள்ளும் வழக்கத்தை எதிர்த்தன. தெலுங்கு தலித் எழுத்தாளர் கோகு சியாமளாவின் 'தாடகி' கதை இவ்வரிசையில் இடம்பெற்றது. வயலில் உழைக்கும் தலித் சிறுமி, தன்மீது கைவைக்க முனையும் நிலவுடைமையாளனைத் தன் வலிமையாலேயே வீழ்த்தித் தப்புகிறாள். முகம்மது கதீர் பாபுவின் 'ஹெட் கறி' இறைச்சி உணவைக் குடும்ப மகிழ்ச்சியின் மையமாக வைக்கிறது. பருப்பும் நெய்யும் மட்டுமே மணக்கும் படப்புத்தகச் சமையலறைகளுக்கு நடுவே இது சிறிய செயலன்று. திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் 2018இல் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாதென ஆதிக்கச் சாதியினர் தடுத்ததை நாம் அறிவோம். உணவைப் பேசாமல் நம் பள்ளிகளில் நட்பைப் பேச இயலாது.

சாதியை எவ்வாறு வரைவது?

நிறவெறியைப் பற்றிய நூலுக்கும் சாதியைப் பற்றிய நூலுக்கும் ஓவிய மொழியில் ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. பீட்டரின் தோலை வரைந்தவுடன் அவன் யார் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. சாதி முகத்தில் எழுதப்பட்டதன்று. இதனை மறந்த ஓவியர் தலித் குழந்தையைக் கறுப்பாகவும் கிழிந்த உடையோடும், ஆதிக்கச் சாதிக் குழந்தையைச் சிவப்பாகவும் வரைந்துவிடுகிறார். அது சாதியைக் காட்டுவதாகாது. சாதிய முன்முடிவை மீண்டும் அச்சிடுவதாகும். சாதி வெளிப்படும் இடங்கள் தொலைவு, நீர், பாத்திரம், தெரு, வாசல் ஆகியவை. அவற்றையே வரைய வேண்டும்.

இதற்கு வழிகாட்டுவது அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பு. வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியில் தனியே அமர்ந்ததும், பள்ளிச் சேவகர் குழாயைத் திறந்துவிட்டாலன்றித் தண்ணீர் குடிக்க இயலாதிருந்ததும் அதில் பதிவாகியுள்ளன. சாக்கு, குழாய் ஆகிய இரண்டுமே வரையத்தக்கவை. நான்கு வயதுக் குழந்தைக்கும் விளங்குபவை. சௌம்யா ராஜேந்திரன் எழுதி, சாத்விக் கடே ஓவியம் தீட்டிய 'பீம்ராவ் அம்பேத்கர்: தி பாய் ஹூ ஆஸ்க்டு வை' (தூலிகா, 2015) இவ்வனுபவங்களைச் சிறு குழந்தைகளுக்கான படப்புத்தகமாக்கியது.

சற்றே வளர்ந்தவர்களுக்கு நவயானா பதிப்பகத்தின் 'பீமாயணா' (2011) இருக்கிறது. பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் ஆகியோர் கதைமாந்தரைக் கட்டங்களுக்குள் அடைக்க மறுத்தனர். அன்பான சொற்களைப் பறவை வடிவக் குமிழிலும், சாதி நஞ்சு கக்கும் சொற்களைத் தேள்கொடுக்கு வடிவக் குமிழிலும் அமைத்தனர். எழுத்தறியாக் குழந்தையும் எந்தச் சொல் கொட்டுகிறது என்பதைக் கண்டுகொள்ளும். காளிக்கு ஓவியம் தீட்டிய ஸ்ரீவித்யா நடராஜன், இந்நூலுக்கு எஸ். ஆனந்துடன் இணைந்து எழுத்தாக்கம் செய்தார். உழைப்பின் மாண்பைப் பேசும் காஞ்சா அய்லய்யாவின் 'டர்னிங் தி பாட், டில்லிங் தி லேண்ட்' (2007) நூலிலும் துர்காபாயின் ஓவியங்களே இடம்பெற்றுள்ளன. தோல் தொழிலாளர், குயவர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துநர் ஆகியோர் அதில் இரக்கத்துக்குரியவர்களாக வரவில்லை, அறிவியலாளர்களாக வருகிறார்கள்.

நூல் தேர்வுக்கு ஐந்து கேள்விகள்

படிப்பகத்துக்கோ பள்ளி நூலகத்துக்கோ நூல் வாங்குவோர் கீழ்வரும் கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

1. கதையில் மாற வேண்டியவர் யார்? ஒதுக்கப்பட்ட குழந்தை மட்டும் மாறினாலோ, சாதித்துக் காட்டினாலோ அந்நூல் ஒதுக்கியவரை விடுவித்துவிடுகிறது.

2. ஒதுக்கலுக்கு ஒரு காரணம் காட்டப்படுகிறதா? கெட்ட பையன் ஒருவனின் குணமே காரணம் எனில் ஊர், பள்ளி, வீடு ஆகியவை கதையிலிருந்து தப்பிவிடுகின்றன.

3. சுவர் வரையப்பட்டிருக்கிறதா? தெரு, தண்ணீர், குவளை, வகுப்பறை இருக்கை ஆகியவை படத்தில் எவ்வாறு அமைந்துள்ளன?

4. தலித், பழங்குடிக் குழந்தைக்குத் துன்பத்தைத் தவிர வேறு வாழ்க்கை உண்டா? விளையாட்டு, குறும்பு, பிறந்தநாள், பாட்டி, நாய்க்குட்டி ஆகியவற்றுக்கு அக்குழந்தைக்கும் உரிமை உண்டு. துயரத்தை மட்டுமே காட்டும் கண்ணாடி முழுமையான கண்ணாடியன்று.

5. எழுதியவர், வரைந்தவர் யார்? பிறர் எழுதவே கூடாது என்பதில்லை. ஆனால் அடுக்கில் உள்ள அத்தனை நூல்களும் வெளியிலிருந்து எழுதப்பட்டவை எனில், குறை அடுக்கில் இருக்கிறது.

ஏற்பும் மைத்ரியும்

வேறுபாடுகளை ஏற்றுக்கொள்ளுதல் என்ற தொடரிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. ஏற்பவர் வீட்டுக்காரர், ஏற்கப்படுபவர் வாசலில் நிற்பவர். வீடு யாருடையது என்ற கேள்வி அதில் எழுவதில்லை. அம்பேத்கர் முன்வைத்த சொல் சகோதரத்துவம். அதன் வேரைப் பிற்காலத்தில் அவர் புத்தரின் மைத்ரியில் கண்டார். மைத்ரியில் அனுமதிப்பவர், அனுமதிக்கப்படுபவர் என்ற பிரிவே கிடையாது. சாதி நீடிக்கும்வரை சகோதரத்துவம் இயலாது என்பதை 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் ஆற்றிய உரையிலும் அவர் வலியுறுத்தினார். குழந்தைகளுக்கான நட்புக் கதையை எடைபோடவும் இது பொருந்தும்.

இது வெறும் இலக்கிய விவாதமன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும், தடுக்க முயன்ற அவருடைய தங்கையும் அவர்களின் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்குதல், கயிறு போன்ற சாதிக் குறிகளைத் தடைசெய்தல், மாணவர்களை அகரவரிசையில் அமரச் செய்தல் ஆகியன அதன் பரிந்துரைகளுள் அடங்கும். பதினேழு வயதில் அரிவாள் எடுக்கும் கை, ஏழு வயதில் யாரோடு உணவைப் பகிரக் கூடாது என்று கற்ற கையாகும். மேனிலை வகுப்பில் தொடங்கும் விழிப்புணர்வு பத்தாண்டு தாமதமானது.

கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் இதில் உடனடியாகச் செய்யத்தக்க பணிகள் உள்ளன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் திறந்த உரிமத்தில் கிடைக்கும் படப்புத்தகங்களை எவரும் தமிழாக்கலாம், அச்சிடலாம்; புதிய கதைகளையும் உருவாக்கலாம். மாலைநேரப் படிப்பகங்களில் வாரம் ஒரு நூலை உரக்க வாசித்து, மேற்கண்ட கேள்விகளைக் குழந்தைகளின் மொழியில் கேட்கலாம். சேரியில் மட்டுமன்றி ஊருக்குள்ளும் அதே நூல் வாசிக்கப்பட வேண்டும். கற்க வேண்டிய பாடம் அங்கேதான் அதிகம். பிறகு குழந்தைகளிடம் தாளும் வண்ணமும் கொடுத்து, தத்தம் ஊரை வரையச் சொல்லலாம். குளம் எங்கே, கடை எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே, தாங்கள் நடக்கக் கூடாது எனச் சொல்லப்பட்ட தெரு எங்கே என்று அவர்களே வரைவார்கள். நம் மொழியில் இன்னும் எழுதப்பட வேண்டிய படப்புத்தகங்களின் முதல் பக்கங்கள் அந்தத் தாள்களில் இருக்கும்.